ஆதாரம் கேட்கிறவர் கதை கட்டலாமா?

"முப்பது வருடம் கல்லூரியில் அறிவியல் தத்துவம் நடத்தியவர் நீங்கள். சான்று இல்லாமல் எதையும் ஏற்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, ஓய்வு பெற்றதும் யாரும் பார்க்காத காட்சியையும் யாரும் பேசாத பேச்சையும் வைத்துச் சரித்திர நாவல் எழுதுகிறீர்களே, இது முரண்பாடு இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் கொஞ்சம் குத்தல் இருக்கிறது. இருக்கட்டும், நியாயமான குத்தல்தான். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். குளச்சல் போரைப் பற்றிய என் நாவலைப் படித்துவிட்டு அந்தக் குளச்சல் கடற்கரையில் உங்கள் மகனுக்கு அந்தக் கதையைச் சொன்னீர்கள். "இதுல எவ்வளவுப்பா நெசம்?" என்று அவன் கேட்டான். உங்களுக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். முரண்பாடு என் பாடு. பையன் கேட்டதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன், மற்றது வழியில் தானே வரும்.

முதலில் ஒரு திருத்தம். சான்று இல்லாமல் எதையும் நினைக்காதே என்று அறிவியல் தத்துவம் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் அறிவியலே நடக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஊகிப்பதில்தான் அதுவும் தொடங்குகிறது. நம் தர்க்க மரபில் பழைய உதாரணம் ஒன்று உண்டு: தேவதத்தன் பகலில் சாப்பிடுவதே இல்லை, ஆனாலும் பருத்துக்கொண்டே போகிறான். அப்படியானால் இரவில் சாப்பிடுகிறான். யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் அப்படி வைத்துக்கொண்டால்தான் கணக்கு நேராகிறது. இதற்கு அருத்தாபத்தி என்று பெயர். மணிமேகலையில் சமயவாதிகள் பேசும் காதையில் அளவைவாதி அடுக்குகிற பத்து அளவைகளில், அதாவது ஒன்றை அறிந்துகொள்ளும் வழிகளில், இதுவும் ஒன்று. அதே பட்டியலில் ஐதிகம் என்றும் ஒன்று வருகிறது. இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் வழிவழியாகச் சொல்வதை வைத்துத் தெளிவதுதான் ஐதிகம். அந்த இரண்டும் ஒரே பட்டியலில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். சரித்திர நாவல் எழுதுகிறவனின் மூலதனமே இந்த இரண்டும்தான்.

விஞ்ஞானியும் ஊகிக்கிறார், நானும் ஊகிக்கிறேன். வித்தியாசம், பிறகு நடப்பதில் இருக்கிறது. அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பர் 1934-இல் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: எது நடந்தால் என் ஊகம் தோற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தேவதத்தன் வீட்டில் இரண்டு இரவு காவல் இருந்து, அவன் ஒரு பருக்கையும் தொடவில்லை என்று பார்த்துவிட்டால் ஊகம் செத்தது. பாப்பரின் கருத்தில் ஆயிரம் ஓட்டை உண்டு, வகுப்பில் ஒரு பருவம் முழுக்க அவற்றைத்தான் பேசுவேன். என்றாலும் நாவலையும் ஆய்வையும் பிரிக்க எனக்கு இன்றுவரை இதைவிட நல்ல கத்தி கிடைக்கவில்லை. என் நாவலில் மீனவன் மனைவி ஒருத்தி போர் நடந்த அன்று ராத்திரி உறங்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். அது தவறு என்று காட்ட உங்களாலும் முடியாது, யாராலும் முடியாது. தோற்கவே முடியாத வாக்கியம் அது. ஆகவே அதைச் சான்றாக எடுத்து எங்கும் வைக்காதீர்கள்.

குளச்சலையே எடுத்துக்கொள்வோம், பையன் கேட்டது அதைத்தானே. 1741-இல் அங்கே டச்சுக் கம்பெனிப் படைக்கும் மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர்ப் படைக்கும் சண்டை நடந்தது, டச்சுக்காரர்கள் தோற்றார்கள். இதில் சந்தேகமே இல்லை. வென்றவர் பக்கமும் தோற்றவர் பக்கமும் ஒரே விஷயத்தைச் சொல்லும்போது, இரண்டு தரப்பும் சேர்ந்து பொய் சொல்லக் காரணம் இருக்காது. எந்த நாள் என்று கேட்டால்தான் சிக்கல். சில புத்தகங்கள் ஜூலை 31 என்கின்றன, சில ஆகஸ்ட் 10 என்கின்றன. அன்று இங்கிலீஷ்காரர்கள் பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தார்கள், 1752-இல்தான் மாறினார்கள். டச்சுக்காரர்கள் அதற்கு வெகு முன்பே புதிய கணக்குக்கு வந்துவிட்டார்கள். ஆகவே இரண்டு தேதியும் ஒரே நாள்தான் என்று சொல்லிவிடலாம் போலிருக்கும். ஆனால் அந்த நூற்றாண்டில் இரண்டு நாள்காட்டிக்கும் இடைவெளி 11 நாள். ஜூலை 31-ஓடு பதினொன்றைக் கூட்டினால் ஆகஸ்ட் 11 அல்லவா வர வேண்டும்? ஒரு நாள் எங்கோ சறுக்கியிருக்கிறது. போதாததற்கு, அது ஒரே பொழுதில் முடிந்த சண்டையும் இல்லை, முற்றுகை நாள்கணக்கில் நடந்தது. எந்த நாளைப் போர் நாள் என்று சொல்வது என்பதே நாம் எடுக்கிற ஒரு முடிவுதான்.

நாவலில் நான் தேதியே போடவில்லை. கொல்லம் ஆண்டு 916, ஆடிக் கடைசி என்று மட்டும் எழுதினேன். கோழைத்தனம் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆடி என்று சொன்னதும் எனக்கு உறுதியான வேறொன்று கையில் கிடைத்தது: கடல். நம் மேற்குக் கரையில் ஆனி, ஆடியில் கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்பதைக் குளச்சலில் சின்னப் பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும். தென்மேற்குப் பருவக்காற்று 1741-இலும் இப்படித்தான் அடித்திருக்கும். அந்தக் கடலில் பெரிய கப்பலிலிருந்து ஆளையும் அரிசியையும் வெடிமருந்துப் பீப்பாயையும் கரையிறக்குவது லேசான காரியம் இல்லை. டச்சுக்காரர்களுக்கு உதவி வந்து சேராமல் போனதற்குப் பருவக்காற்றும் ஒரு காரணம் என்று சரித்திரக்காரர்கள் சொல்வதை நான் தயங்காமல் ஏற்கிறேன். தேதியை நிர்ணயிக்க முடியாத இடத்திலும் காற்றின் திசையை நிர்ணயிக்க முடிகிறது. அறிவியல் தத்துவம் படித்ததில் எனக்குக் கிடைத்த லாபங்களில் இது ஒன்று. எந்தக் கேள்விக்கு எந்தச் சாட்சியைக் கூப்பிட வேண்டும் என்று பார்க்கத் தோன்றும்.

இனி துடுப்பு. மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்துக் கரையில் வரிசையாக நின்றார்கள், கப்பலிலிருந்து பார்த்தவனுக்குத் துப்பாக்கி ஏந்திய பட்டாளம் போலத் தெரிந்தது. பனந்தடிகளை மாட்டு வண்டியில் ஏற்றிப் பீரங்கி போல நிறுத்தினார்கள் என்று நம் பக்கம் சொல்வார்கள். உங்கள் மகனுக்கு மிகவும் பிடித்த இடம் அதுவாகத்தான் இருக்கும். எனக்கும் அதுதான். இது ஐதிகம். பொய் என்று தள்ளவும் மாட்டேன், நடந்தது என்று கையெழுத்துப் போடவும் மாட்டேன். ஆனால் அந்தக் கதையிலிருந்து ஒன்றை உறுதியாக எடுக்கலாம்: அந்த வெற்றி அரண்மனைக்கு மட்டும் சொந்தமில்லை, எங்களுக்கும் பங்கு உண்டு என்று கடற்கரை மக்கள் தலைமுறை தலைமுறையாக நினைத்திருக்கிறார்கள். சம்பவத்துக்குச் சான்றாக இல்லாதது, சம்பவத்தைப் பற்றிய நினைவுக்குச் சான்றாக இருக்கிறது. ஆகவே நாவலில் அந்தக் காட்சியை நேரே நடத்திக் காட்டாமல், பல வருடம் கழித்து ஒரு கிழவர் பேரனுக்குச் சொல்வதாக வைத்தேன். அவர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் துடுப்புகளின் எண்ணிக்கை கூடும்.

டச்சுப் படையிலிருந்து குளச்சலில் பிடிபட்ட டிலனாய் விஷயமும் இப்படித்தான். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் கூரையில்லாத அந்தச் சிறு தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. 1777-இல் இறந்தார். பிடிபட்ட பிறகு திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கி 'வலிய கப்பித்தான்' ஆனார். இவ்வளவும் கெட்டி. ஆனால் குளச்சலில் டச்சுப் படைக்கே அவர்தான் தலைவர் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதை டச்சு ஆவணங்களைப் பார்த்த ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. அன்று அவர் அவ்வளவு பெரிய பதவியில் இல்லை என்கிறார்கள். எனக்கு டச்சு தெரியாது, அவர்கள் சொல்வதைத்தான் நம்பியாக வேண்டும். வென்றவர்களின் கதையில் தோற்றவனுக்கு இப்படிப் பதவி உயர்வு கிடைப்பது உலக வழக்கம்தான்.

இதெல்லாம் தகவல் சரிபார்க்கிற வேலை. கவனமான எந்த எழுத்தாளரும் செய்வார். நான் படித்த படிப்பு உண்மையில் கைகொடுத்த இடம் வேறு. சுசீந்திரம் கைமுக்கு. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, தாணுமாலயன் கோயிலில் கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும். பிறகு கையைக் கட்டி வைப்பார்கள். குறித்த நாளில் கட்டை அவிழ்ப்பார்கள். கை வெந்திருந்தால் குற்றவாளி, இல்லையென்றால் சுத்தன். இந்திரனே அங்கு கொதிநெய்யில் தூய்மையடைந்தான் என்பது தலபுராணம், ஊர்ப்பெயரும் அப்படித்தான் வந்ததாம். திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாள் காலத்தில் அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. என் இரண்டாவது நாவலில் ஒரு அத்தியாயம் முழுக்க இதுதான். அதை மூன்று தடவை எழுதினேன்.

முதல் தடவை, கோயில் கணக்கெழுதுகிற இளைஞன் ஒருவன் கூட்டத்தில் நின்று, "என்ன மூடத்தனம் இது" என்று மனதுக்குள் கொதித்தான். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அவன் அந்தக் காலத்து ஆள் இல்லை, வேட்டி கட்டி அனுப்பப்பட்ட நான். அறிவியல் வரலாறு எழுதிய தாமஸ் குன் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1947-இல் அரிஸ்டாட்டிலின் இயற்பியலைப் படித்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவு பெரிய மூளை இயக்கத்தைப் பற்றி இவ்வளவு அபத்தமாக எப்படி எழுதியது என்று குழம்புகிறார். சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது திடீரென்று பிடிபடுகிறது: அரிஸ்டாட்டில் 'இயக்கம்' என்று சொன்னது கல் விழுவதை மட்டுமல்ல, பிஞ்சு கனியாவதையும் நோயாளி தேறுவதையும் சேர்த்துத்தான். அப்படி வாசித்ததும் அபத்தம் எல்லாம் கலைந்து ஒழுங்காகிவிட்டது. பழைய சிந்தனையாளர் ஒருவரிடம் அபத்தம் தென்பட்டால், புத்தியுள்ள ஒருவர் இதை எப்படி எழுதியிருக்க முடியும் என்று முதலில் கேளுங்கள் என்று தன் மாணவர்களுக்குச் சொல்வாராம். சரித்திர நாவல் எழுதுகிறவர்களுக்கு இதைவிட உருப்படியான யோசனையை நான் கேட்டதில்லை.

அந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தால், கைமுக்கு ஒரு சோதனையேதான். முன்கூட்டியே சொல்லப்பட்ட விளைவு இருக்கிறது, பலபேர் பார்க்க நடக்கிறது, முடிவுக்காக நாள் குறித்துக் காத்திருக்கிறார்கள். பரிசோதனைக் கூடத்தில் நாம் செய்வதற்கும் இதற்கும் வடிவத்தில் பெரிய வேற்றுமை இல்லை. கோளாறு எங்கே என்று யோசித்தால், குற்றத்துக்கும் தோலுக்கும் என்ன தொடர்பு என்ற அந்தக் கொள்கை மட்டும் சோதனைக்கு வருவதே இல்லை. ஒவ்வொரு மனிதனும் தோற்கலாம், கைமுக்கு ஒருநாளும் தோற்காது. குற்றவாளி என்று ஊரே அறிந்தவன் கை வேகாமல் வந்தாலும், தாணுமாலயன் மன்னித்துவிட்டார் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் இதை அந்தக் கணக்கனால் யோசிக்க முடியுமா? முடியாது என்று இரண்டாவது தடவை எழுதியபோது முடிவு செய்தேன். அவன் பாட்டுக்குப் பக்தியோடு நின்றான், காட்சி செத்துப்போயிற்று. மூன்றாவது தடவைதான் வழி கிடைத்தது. அவன் கணக்கன். அளவும் எண்ணிக்கையும் அவன் தொழில். எத்தனை நாழி நெய் என்று எழுதுகிறவன். கடவுளைப் பற்றிச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றாது, ஆனால் நெய்யைப் பற்றிச் சந்தேகப்படத் தோன்றும். என் அம்மா வெண்ணெய் உருக்கும்போது கடைசியில் ஒரு கொத்து முருங்கையிலை போடுவாள். இலை சடசடவென்று பொரிந்தால் நெய் பதம். அந்த இலையை அவன் கையில் கொடுத்தேன். போன தடவை இலை போட்டதும் பொரிந்தது, இந்தத் தடவை கொஞ்ச நேரம் மிதந்தது. இரண்டையும் 'கொதிநெய்' என்றே எழுத வேண்டியிருக்கிறது. கட்டை அவிழ்த்தபோது கையைப் பார்த்தவர்கள் யார், எவ்வளவு தூரத்திலிருந்து என்று அடுத்து யோசிக்கிறான். அதற்கு மேல் அவன் போகவில்லை. போயிருந்தால் மறுபடியும் நானாகியிருப்பான்.

இதில் நிஜம் எது என்று உங்கள் மகன் கேட்டால்: கைமுக்கு நிஜம், சுசீந்திரம் நிஜம், அது நிறுத்தப்பட்டதும் நிஜம். கணக்கன் கற்பனை. முருங்கையிலை எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து வந்தது.

கொள்கையே தெரியாமல் கணக்கு மட்டும் சரியாக வருவதும் உண்டு, அது இன்னும் சுவாரசியம். ஜான் வாரன் என்பவர் 1825-இல் எழுதி வைத்திருக்கிறார்: புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த எண்களை வைத்தே அந்த ஆண்டு மே 31-ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்தார். வானியல் கொள்கை எதுவும் அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன். பிறகு ஒப்பிட்டுப் பார்த்ததில் கிரகணத் தொடக்கத்துக்கு 4 நிமிடம், நடுவுக்கு 23 நிமிடம், முடிவுக்கு 52 நிமிடம்தான் பிசகு. வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று இன்றும் சண்டை போடுகிற நமக்கு இது புதிதாக இருக்காது. நாவலாசிரியனாக எனக்கு வலிப்பது வேறு: அவர் கணக்கின் பிசகு நிமிடச் சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. கணக்கு சொன்ன நேரத்துக்கும் கிரகணம் விட்ட நேரத்துக்கும் இடையே வானத்தைப் பார்த்து நின்றாரா, நின்றால் என்ன நினைத்தார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ஒருநாள் அவரை எழுதுவேன்.

என் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். நான் சரித்திர ஆய்வாளன் இல்லை. வட்டெழுத்து தட்டுத்தடுமாறிக்கூட வாசிக்க வராது, பதிப்பித்தவர்களின் புண்ணியத்தில் பிழைக்கிறேன். 1956 நவம்பர் 1 வரை நம் குமரிப் பக்கம் திருவிதாங்கூரோடு இருந்ததால், ஆவணத்தில் பெரும்பகுதி திருவனந்தபுரத்தில் மலையாளத்தில் கிடக்கிறது. என் மலையாளம் பேருந்து மலையாளம். இங்கேயே கிடைத்தவற்றில் நான் அதிகம் நம்பியது அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் ஓலைகளை. கவிமணி பிரதி எடுத்து வைத்திராவிட்டால் அவற்றில் எவ்வளவு தப்பியிருக்குமோ. நாஞ்சில் நாட்டு நிலம், வரி, வழக்கு எல்லாம் அதில் இருக்கிறது. ஆள் விற்ற கணக்கும் இருக்கிறது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். விற்றவர், வாங்கியவர், சாட்சி, எழுதியவர் எல்லாரும் ஓலையில் பேசுகிறார்கள், விற்கப்பட்டவர் பேசுவதில்லை. சான்று உள்ளதை மட்டும் எழுதுவேன் என்று நான் பிடிவாதம் பிடித்தால், ஓலை எழுதியவன் யாரை விட்டானோ அவர்களை நானும் விட்டவனாவேன். அதனால் அப்படி ஒருத்தியைப் பேச வைத்தேன். சரியாகப் பேச வைத்தேனா என்று கேட்டால், இந்த ஒரு இடத்தில் எனக்கு நிச்சயமே இல்லை. என் வீட்டு முன்னோர் அந்த ஓலையில் எந்தப் பக்கம் இருந்திருப்பார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். அவளுக்கு நான் கொடுத்த சொற்களில் அந்தப் பக்கத்தின் வாடை இருக்கலாம். இருந்தால் அதை என்னைவிட மற்றவர்கள்தான் சீக்கிரம் மோந்து பிடிப்பார்கள்.

கடைசியாக, மாட்டிக்கொண்ட கதை. முதல் பதிப்பில், போருக்கு முந்தின நாள் அந்த மீனவன் வீட்டில் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) சாளை மீன் கறியும் சாப்பிட்டார்கள் என்று எழுதிவிட்டேன். கை தானாக எழுதிவிட்டது, சாளை என்றால் மரச்சீனிதானே! விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் அஞ்சலட்டையில் எழுதினார்: "ஐயா, மரச்சீனியை நாட்டில் பரப்பியது விசாகம் திருநாள். அவர் ஆண்டது 1880-இலிருந்து 1885 வரை. உங்கள் ஆட்கள் 1741-இல் அதை எங்கே பிடுங்கினார்கள்?" அந்தக் கிழங்கு அதற்கு முன் இந்தக் கரையில் எங்கும் வேர்விட்டதே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் ஏழை வீட்டு அன்றாடச் சாப்பாடாக இருந்திருக்க வாய்ப்பில்லை. பாப்பர் சொன்னது போலவே நடந்தது. தோற்கக்கூடிய ஒரு வாக்கியத்தை எழுதியிருந்தேன், அது தோற்றது. பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தது என்பதையும், குலசேகரம் பக்கத்து ரப்பர் மரங்கள் அந்தக் காலத்தில் இல்லை என்பதையும் நினைவாகப் பார்த்துப் பார்த்துத் தவிர்த்தவன், சோற்றுச் சட்டியில் கோட்டை விட்டேன்.

இரண்டாம் பதிப்பில் மரச்சீனியை எடுத்துவிட்டுக் கஞ்சி என்று மாற்றினேன். உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டு மகனிடம் சொல்லுங்கள். கடற்கரைக் குடிசையில் அந்த ஆடி மாதத்தில் கஞ்சிக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. அவன் கேட்டாலும் கேட்பான்.